அக்கா சிரிக்காத படம்

படத்தின் நடுவில் மாதம்மாள் நிற்கிறாள், உதடுகள் தைத்து வைத்ததுபோல் ஒட்டியிருக்கின்றன, அவளைச் சுற்றிப் பதினேழு பெண்கள் சிரிக்கிறார்கள், முழங்கை வரை வளையல்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்சவேணியும் சிரிக்கிறாள், அவள் சிரிப்புத்தான் எல்லோருடையதையும்விட வெளிச்சமாக இருக்கிறது, வீட்டுக்கு யாராவது வந்து காபி குடித்து முடித்துப் பேச்சு தீர்ந்துபோகிற நேரத்தில் மாமியார் அந்த வளைகாப்பு ஆல்பத்தை எடுத்து மடியில் விரிப்பாள், விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்து நடுவில் நிற்கும், இது நம்ம வேணியோட அக்கா, தர்மபுரிப் பக்கம் கிராமம், நல்ல பொண்ணுதான், ஆனா உம்மணாமூஞ்சி, சிரிக்கவே தெரியாது, என்பாள், காலிக் கோப்பைகளோடு சமையலறைக்குப் போகிற அம்சவேணிக்கு அது முதுகில் கேட்கும், அவள் திரும்பமாட்டாள், குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவுவாள், சிரிக்கத் தெரியாதா, அக்காவுக்கா, என்று அந்தச் சத்தத்துக்குள் தனக்கு மட்டும் சொல்லிக்கொள்வாள்.

ஒட்டம்பள்ளத்தில் மாதம்மாள் சிரித்தால் மூன்று வீடு தள்ளி இருப்பவர்களும் என்னவென்று தெரியாமலே சிரிப்பார்கள், புளி தட்டும் கொட்டகையில் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரிய, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பாள், அந்தப் பற்கள் பழுப்பு, ஓரங்களில் கறுப்பு, நடுவில் சுண்ணாம்பு பட்டதுபோல் திட்டுத் திட்டாக வெள்ளை, பக்கத்தில் இருப்பவளுக்கும் அப்படித்தான், அவளுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கும் அப்படித்தான், மேஸ்திரிக்கும், பள்ளிக்கூடத்து ஆயாவுக்கும், கோயில் பூசாரிக்கும், பல் என்றால் அந்த நிறம்தான் என்று இருந்த ஊரில் யாரும் அதற்காக வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை, ஒரு நாள் ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள், அடிபம்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அடுத்த மாதம் திரும்பி வந்து பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள், இதைக் குடிக்கக் கூடாதும்மா, பல்லு கறையாகும், வயசானா எலும்பு வளையும், என்றார்கள், அப்ப எதைத்தான் குடிக்கறது, என்று மாதம்மாள் கேட்டாள், மேலிடத்துக்கு எழுதியிருக்கோம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள், அரிசி மில் வைத்திருந்த குடும்பம் அந்த வருடமே வீட்டைப் பூட்டிக்கொண்டு சேலத்துக்குக் குடிபோனது, மற்றவர்கள் சிவப்புப் பம்பையே அடித்துக் குடித்தார்கள்.

அப்பா கல்குவாரியில் போனார், அம்மா காய்ச்சலில் போனாள், அப்போது மாதம்மாளுக்குப் பதினேழு, அம்சவேணிக்கு ஒன்பது, மாமா ஒருவர் இருந்தார், அவர் வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான், மாதம்மாள்தான் புளி தட்டித் தங்கையைப் படிக்க வைத்தாள், புளிப்பு ஏறிய விரல் நுனிகள் எப்போதும் வெந்து வெளிறியிருக்கும், அந்த விரல்களாலேயே தங்கைக்குத் தலை பின்னுவாள், எண்ணெயோடு புளி வாசனையும் சேர்ந்து வரும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் முகர்ந்துவிட்டு ரசம் வைக்கலாம்டி உன் தலையில என்பாள், அதைச் சொன்னால் அக்கா சிரிக்கும் சிரிப்பில் அம்சவேணிக்குக் கோபம் போய்விடும், தர்மபுரியில் பி.காம். முடித்து, சென்னைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோதும் மாதம்மாள் சிரித்தாள், போயேன், நான் என்னா அழுவேன்னு நெனச்சியா, என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சென்னையில் விடுதிக்குப் போன முதல் சாயங்காலம், அறையில் இருந்த கோயம்புத்தூர்ப் பெண், அவளிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தன் பெட்டியைத் திறந்து ஒரு டூத்பேஸ்ட்டை எடுத்து அம்சவேணியின் கட்டில்மேல் வைத்தாள், இதுல தேச்சுப் பாருங்க, போயிரும், என்றாள், என்ன போயிரும் என்று அம்சவேணிக்கு விளங்கவில்லை, குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒரு குழல் விளக்கு, அதன் வெளிச்சத்தில் தன் வாயை அவள் முதன்முதலாகப் பார்த்தாள், இருபத்தொரு வருடம் அதே வாயோடு இருந்திருக்கிறாள், அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை, மறுநாள் உப்பால் தேய்த்தாள், பிறகு கரியால், பிறகு மொட்டைமாடியில் கிடந்த செங்கலை உரசிய தூளால், ஈறு கிழிந்து எச்சில் சிவப்பாக வந்தது, நிறம் போகவில்லை, அது மேலே படிந்த அழுக்கு இல்லை, பல்லே அதுதான், அதற்குப் பிறகு யாராவது ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அவள் கை தானாக எழுந்து வாய்க்கு முன்னால் வந்து நின்றது, கையை யாரும் வரச் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது ஒரு பல் ஆஸ்பத்திரியில், அதை நினைத்தால் அவளுக்கே ஒரு கசந்த சிரிப்பு வரும், உள்ளே, கருவிகளைக் கொதிக்கவைக்கும் அறைக்குப் பக்கத்தில், ஒரு தடுப்புக்குப் பின்னால் மேஜையும் போனும், யாருக்கு எப்போது என்று நேரம் சொல்லுவது அவள் வேலை, குரல் நன்றாக இருந்தது, போனில் பேசின பொண்ணு எங்க என்று வருகிறவர்கள் கேட்பார்கள், முன் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் கல்யாணமாகிப் போனதும் டாக்டரம்மா அம்சவேணியைக் கூப்பிட்டு நாற்காலியில் சாயவைத்து விளக்கைத் திருப்பினாள், வேணி, இந்தப் பல்லோட உன்னை முன்னாடி உக்கார வெச்சா, பல் ஆஸ்பத்திரியில இப்படியான்னு வர்றவங்க திரும்பிப் போயிடுவாங்க, மேல எட்டு, கீழ ஆறு, பல்லுமேல உறை மாதிரி கேப் போட்டுடறேன், செலவு என்னோடது, என்றாள், அவளை வேணி ஆக்கியதும் டாக்டரம்மாதான், அம்சவேணி போனில் சொல்ல நீளமாக இருந்ததாம், அவளுடைய பற்களைச் சுற்றிலும் அரைத்தார்கள், எரிந்த எலும்பு வாசனை வந்தது, நடுவில் வாய் கொப்பளிக்கப் போனபோது கண்ணாடியில் பார்த்தாள், கோழி கொத்திவிட்டுப் போன சோளக்கதிர்போல் குச்சி குச்சியாக இருந்தது, இனி இதற்குத் திரும்ப முடியாது என்று தோன்றியது, பயமாக இல்லை, ஒரு வாரம் கழித்து வெள்ளை வெளேரென்று பதினான்கு பற்கள், முன் மேஜை, பூ வைத்த கண்ணாடிக் குவளை, கை மெல்ல மெல்லக் கீழே இறங்கக் கற்றுக்கொண்டது.

அந்த முன் மேஜை நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவள் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்த்தாள், ஆட்டோக்காரர் திரும்பிப் பேசும்போது, காய்கறிக்காரி பேரம் பேசும்போது, காவலாளி வணக்கம் சொல்லும்போது, இவர் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், இவர் பல்லுக்கு யாராவது செலவு செய்திருக்கிறார்களா, என்று மனம் தானாகப் பிரித்து அடுக்கியது, அரை நொடியில் தெரிந்துவிடும், தெரிந்ததும் அவள் குரல் மாறும், சிலரிடம் உட்காருங்க சார், சிலரிடம் அப்படி ஓரமா நில்லுங்க, தன் குரல் மாறுவதை அவள் காதே கேட்கும், கேட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனாள், மாதம்மாளுக்கு அப்போது கல்யாணமாகி மூன்று வயதில் மகள் பூவிழி இருந்தாள், வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பார்த்து மாதம்மாள் வாய்மேல் கை வைத்து, பிறகு வெடித்துச் சிரித்தாள், அய்யய்யோ, அரிசி மாதிரி இருக்குடி, என்றாள், வலிச்சுதா கண்ணு, என்றாள், அதற்குப் பிறகு தங்கையின் கையைப் பிடித்து வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனாள், எங்க அம்சா பல்லைப் பாருங்க, ஈ-ன்னு காட்டுடி, காட்டு, ஊரே வந்து பார்த்தது, எல்லோருடைய பழுப்புப் பற்களும் அந்த வெள்ளைப் பற்களைச் சுற்றி நின்று சிரித்தன, ஒரு பொறாமையும் இல்லை, கோயிலுக்குப் புதுத் தேர் வந்ததைப் பார்க்கிறவர்களைப்போல் பார்த்தார்கள், அம்சவேணிக்குத்தான் கூசியது, எப்போது சென்னை பஸ் என்று நினைத்துக்கொண்டே ஈ காட்டினாள்.

மாமியார் அந்த மேஜைக்கு முன்னால்தான் முதலில் வந்து நின்றாள், கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை, கூட மகன் பார்த்திபன், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தான், பத்துத் தடவை வந்து போனதில் மாமியாருக்கு அவள் சிரித்த முகம் பிடித்துப்போயிற்று, இந்த மாதிரி சிரிச்ச முகம் வீட்டுல இருந்தா விளக்கே வேண்டாம், என்றாள், எந்த ஊரும்மா, அப்பா அம்மா என்ன பண்றாங்க, உங்க வீட்டுல எல்லாருக்கும் பல்லு இப்படித்தானா, என்று ஒரே மூச்சில் கேட்டாள், சேலம் பக்கம், அப்பா அம்மா இல்லை, ஆமாம், எல்லாருக்கும் இப்படித்தான், என்று அதே வரிசையில் அம்சவேணி பதில் சொன்னாள், தர்மபுரியைச் சேலம் ஆக்கினாள், கடைசிப் பதிலைச் சொன்னபோது நாக்கு கேப்பின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது, கல்யாணத்துக்கு மாதம்மாள் வர முடியவில்லை, பூவிழிக்கு அம்மை போட்டிருந்தது, வேப்பிலை கட்டிய வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது, போனில் அழுதாள், அழாத அக்கா, என்று சொன்ன அம்சவேணிக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது, அது என்ன என்று அவள் அப்போது பார்க்கவில்லை, மாமா மட்டும் வந்தார், அவர் எந்நேரமும் வெற்றிலை போடுகிறவர், அவர் பல்லின் கறையெல்லாம் வெற்றிலைமேல் போயிற்று.

மூன்று வருடம் கழித்து வளைகாப்பு, அதற்கு மாதம்மாள் வந்தாள், ஆறு வயது பூவிழியை இடுப்பில் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, ஒரு மூட்டையில் கேழ்வரகு மாவு, நிலக்கடலை, வெல்லம், ஓடு கொட்டை நீக்கிய புளி, அடியில் தங்கைக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட சேலை, பூவிழிக்கு முன்னால் இரண்டு பால்பல் விழுந்திருந்தது, மாமியார் வீட்டுப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பல்லு எங்கடி போச்சு, எலி தூக்கிட்டுப் போச்சா, என்று கொஞ்சினார்கள், மாதம்மாள் அதைக் கேட்டுச் சிரிக்க வாயைத் திறக்கிறாள், திறப்பதற்குள் அம்சவேணி, ஏழு மாத வயிற்றோடு, அக்காவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக் கதவைச் சாத்துகிறாள், அந்த அறை இப்போதும் அப்படியே இருக்கிறது, அதே அலமாரி, அதே மின்விசிறி, அங்கே படுத்துக்கொண்டு எத்தனை மதியங்கள் அந்தப் பேச்சை மறுபடி மறுபடி கேட்டிருக்கிறாள், அக்கா, போட்டோ எடுக்க ஆள் வரப்போறாங்க, ம், சொல்லு, நீ வாயத் தொறக்காத, என்னாத்துக்கு, சிரிக்காத அக்கா, ஏண்டி, இன்னைக்குச் சிரிக்காம என்னைக்குச் சிரிக்கறது, இவங்கல்லாம் வேற மாதிரி அக்கா, உன் பல்லைப் பாத்தா என்னைப் பத்தித் தப்பா நெனப்பாங்க.

மாதம்மாள் தங்கையைப் பார்த்தாள், பிறகு தங்கையின் பல்லைப் பார்த்தாள், முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை, வந்திருந்தால் அம்சவேணி பிழைத்திருப்பாள், ஏதோ தெரியாத ஊரில் பஸ் மாறி இறங்கிவிட்டவள் பலகையைப் படிக்கப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள், சரி கண்ணு, என்றாள், கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள், அதற்குப் பிறகு அவள் உதடு பிரியவில்லை, வளையல் அடுக்கும்போது பிரியவில்லை, கன்னத்தில் சந்தனம் பூசும்போது பிரியவில்லை, அக்காதான் பாடணும், முதல் பாட்டு அக்காதான், என்று யாரோ சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தாள், ஊரில் ஒரு வளைகாப்பு அவள் பாட்டு இல்லாமல் நடந்ததில்லை, சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள், உங்க அக்காவுக்கு எங்கமேல ஏதாவது வருத்தமா, ஒரு சிரிப்பு இல்லையே, என்று மாமியார் கேட்டாள், அவ எப்பவுமே அப்படித்தான் அத்தை, என்று அம்சவேணி சொன்னாள், அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக வந்தது, சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள், ஆட்டோவில் ஏறும்போது தங்கையின் வயிற்றில் கையை வைத்து எடுத்தாள், எதுவும் சொல்லவில்லை, சொன்னால் பல் தெரியும்.

பையன் பிறந்தான், ஆதவன் என்று பெயர் வைத்தார்கள், ஏழாம் மாதத்தில் கீழ் ஈறில் ஒரு வெள்ளைப் புள்ளி, மாமியார் விரலைக் கழுவிவிட்டு வந்து தடவிப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் தூக்கிப்போய் வெளிச்சத்தில் பார்த்தாள், வெள்ளையாத்தான் வருது, என்று பெருமூச்சு விட்டாள், அந்தப் பெருமூச்சில் ஏதோ இருந்தது, அம்சவேணி நிமிர்ந்தாள், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா வேணி, என்று மாமியார் பேரனின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், குரலில் குத்தல் இல்லை, கல்யாணத்துக்கு முன்னாடியே டாக்டரம்மாவைக் கேட்டுட்டேன், மேல எட்டு கீழ ஆறுன்னாங்க, இது பரம்பரையா வருமா, பொறக்கற குழந்தைக்கு வருமான்னு கேட்டேன், வராது, ஊர்த் தண்ணியாலதான்னாங்க, அதுக்கப்புறம்தான் சரின்னேன், இதையெல்லாம் கேக்காம பண்ண முடியுமா சொல்லு.

குழந்தை பொம்மையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான், அப்ப வளைகாப்புல எங்க அக்கா சிரிச்சிருந்தா, என்று அம்சவேணி கேட்டாள், சிரிச்சிருந்தா என்ன, பாவம், அந்தப் பக்கத்து ஜனங்க எல்லாருக்கும் அப்படித்தானே, நம்ம வீட்டுல பாத்திரம் தேய்க்கறாளே, அவளும் பென்னாகரம் பக்கம்தான், அவ பல்லைப் பாத்ததில்லையா நீ, நாம என்ன அதுக்காக அவளை ஒதுக்கியா வெச்சிருக்கோம், என்றாள் மாமியார், அவள் அன்பாகத்தான் சொன்னாள், அந்த அன்பில் மாதம்மாளை எங்கே உட்காரவைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது, அம்சவேணிக்குத் தெரிந்தது, எந்த வரிசை என்று அரை நொடியில் பிரிக்கிறவள் அல்லவா, அப்போதாவது சொல்லியிருக்கலாம், அக்காவைச் சிரிக்காதே என்றது நான்தான் என்று, வாய்வரை வந்தது, பதினான்கு பற்களுக்குப் பின்னால் நின்றுவிட்டது, ஆல்பத்தில் மாதம்மாள் உம்மணாமூஞ்சியாகவே இருந்தாள்.

போனில் சொல்ல முடியாது என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டாள், மாதம்மாளும் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதை விட்டிருந்தாள், கடைசியில் ஒரு சனிக்கிழமை ஆதவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள், இரண்டு பஸ் மாறி ஒட்டம்பள்ளத்தில் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது, காவிரித் தண்ணீருக்குக் குழாய் பதித்திருந்தார்கள், ஒரு வாரம் வருமாம், மூன்று வாரம் வராதாம், அக்கா வீட்டில் இல்லை, அம்சவேணி கொட்டகைக்கே போனாள், பெண்கள் வரிசையாகப் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள், யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், மாதம்மாளும் சிரித்தாள், ஆனால் சத்தம் வரவில்லை, முந்தானையை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டு தோள்கள் மட்டும் குலுங்கின, அவளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, சின்ன வயதுக்காரி, அவளும் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு, என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள், அவங்களுக்கு முன்னாடியே எல்லாம் தெரியுமாம், நீ சிரிச்சிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது, மாதம்மாள் ஆதவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், முந்தானை அதன் இடத்திலேயே இருந்தது, அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, நீ சொன்னது நெசந்தானே, என்றாள், ஊருக்கு வந்து கண்ணாடி எடுத்துப் பாத்தேன், உன் பல்லை வீடு வீடா கூட்டிட்டுப் போய்க் காட்டினேன் பாரு, அப்பகூட என் பல்லு எனக்குத் தெரியல, எவ்வளவு மக்கா இருந்திருக்கேன், அதை அவள் குறையாகச் சொல்லவில்லை, தங்கை தனக்கு ஏதோ சொல்லிக்கொடுத்ததைப்போல் சொன்னாள், இனி அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்க வழியில்லை என்று அம்சவேணிக்கு விளங்கியது, அழுகை வரவில்லை, அழுதால் அக்கா தேற்றுவாள், அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆதவன் தண்ணீர் கேட்டான், அம்சவேணி பானைப் பக்கம் திரும்புவதற்குள் மாதம்மாள் ஓடிப்போய்த் தடுத்தாள், அது வேணாம், குழந்தைக்கு அது வேணாம், நீ வர்றேன்னதும் பென்னாகரத்துக்குப் போய் பாட்டில் தண்ணி வாங்கி வெச்சிருக்கேன், என்று அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள், இரண்டு பாட்டில், மூடி பிரிக்காதது, பையன் பாதி குடித்தான், மீதியைத் தரையில் வைத்துவிட்டுத் தத்தித் தத்தி நடந்து போனான், கதவோரம் பூவிழி நின்றுகொண்டிருந்தாள், எட்டு வயது, வளர்ந்திருந்தாள், வா கண்ணு, சித்தி கிட்ட வா, என்று கூப்பிட்டபோது ஒரு கையை வாய்மேல் வைத்துக்கொண்டே வந்தாள், எங்க, புதுப் பல்லு மொளைச்சிருச்சா, என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று அதே நொடியில் தெரிந்தது, பூவிழி தலையைக் குனிந்துகொண்டாள், மாதம்மாள்தான் பதில் சொன்னாள், மொளைச்சிருச்சு, பள்ளிக்கூடத்துல வாயே தொறக்கறதில்லையாம், டீச்சர் திட்டறாங்க, நான்தான் சொல்லி வெச்சேன், இப்பவே பழகிக்க பாப்பா, பெரியவளானா செரமம்னு.

மாதம்மாள் அடுப்படிக்குப் போனாள், பூவிழி தரையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், விரல் இடுக்கு வழியாக மெதுவாகக் கேட்டாள், சித்தி, நீ மெட்ராஸ் போயி இந்தத் தண்ணி குடிச்சுதான் பல்லு வெளுத்துச்சா, இல்லை கண்ணு என்று சொல்ல அம்சவேணி வாயைத் திறந்தாள், அரைத்த கதையை, எரிந்த வாசனையை, ஒரு டாக்டரம்மாவின் மேஜையை, எங்கே தொடங்குவது, அந்த முகத்தைப் பார்த்தாள், ஆமா, என்று சொல்லிவிட்டாள், ஏன் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது, பூவிழி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பாட்டிலை எடுத்தாள், ஒரே ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள், மூடியைத் திருகி, அம்மா பார்த்தால் திட்டாத அளவுக்கு மீதி இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள், விழுங்கவில்லை, தண்ணீர் எல்லாப் பல்லிலும் படும்படி கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போதுமா, இன்னும் எவ்வளவு நேரம், என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள், விழுங்கிரு என்று சொல்ல அம்சவேணிக்கு வாய் வரவில்லை.